ஈறில் ரத்தம் வந்தால் பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள்!

காலையில் பல் துலக்குகிறோம். துப்பிய நுரையில் ரத்தம் தெரிகிறது. பலருக்கும் இந்த அனுபவம் உண்டு.

"பிரஷ் குத்திவிட்டது" என்று சிலர் நினைப்பார்கள். "உடம்புச் சூடு" என்று சிலர் சொல்வார்கள். மறுநாள் முதல் அந்த இடத்தைத் தொடாமல், மற்றப் பற்களை மட்டும் தேய்ப்பார்கள்.

இது பெரிய தவறு. பெரும்பாலும் ரத்தம் வருவதற்குக் காரணமே, அந்த இடத்தைச் சரியாகத் துலக்காததுதான்!

ஊத்தையும் காரையும்

பல்லின் மேல் பசைபோல ஒரு படலம் படிந்துகொண்டே இருக்கும். அதில் கிருமிகள் கூட்டம் கூட்டமாக வாழும். இதைத்தான் பல் ஊத்தை என்கிறோம். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் இது அதிகம் தங்கும்.

தினமும் துலக்கினால் ஊத்தை போய்விடும். துலக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் சேரும். ஊத்தை கல்போல் இறுகிவிடும். இதற்குப் பெயர் காரை. பிரஷ் கொண்டு தேய்த்தால் காரை போகாது. பல் டாக்டர்தான் எடுக்கவேண்டும்.

இந்தக் கிருமிகளை உடம்பு எதிர்த்துப் போராடும். அப்போது ஈறு சிவக்கும், வீங்கும். லேசாகத் தொட்டாலும் ரத்தம் கசியும்.

12 பேர் செய்த சோதனை

டென்மார்க் நாட்டில் ஆர்ஹஸ் என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஹெரால்டு லோ என்ற பல் நிபுணரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 1965-ல் வெளிவந்தது.

ஈறு நல்ல நிலையில் இருந்த 12 பேர், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். என்ன நடந்தது?

10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது!

பிறகு அவர்கள் மீண்டும் பல் துலக்கினார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆனது.

எலும்பு கரையும்

வீக்கத்தோடு இருக்கும்போதே கவனித்தால் ஈறு குணமாகிவிடும். கவனிக்காவிட்டால், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் விழும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாக வளராது.

பல் ஆடும், கடைசியில் விழும். சொத்தை இல்லாத பல்லும் இப்படி விழுந்துவிடும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் பலர் முற்றியபிறகு டாக்டரிடம் போகிறார்கள்.

எல்லோருக்கும் பல் விழுமா?

துலக்காதவர்கள் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நோய் முற்றுவது இல்லை.

இலங்கையில் 480 ஆண் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை, லோ குழுவினர் 1970 முதல் 1985 வரை கவனித்து வந்தார்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு பிரஷ் கொண்டு பல் துலக்கும் வழக்கம் இல்லை. 100-க்கு 8 பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 பேருக்கு நடுத்தரமாக வளர்ந்தது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

ஊத்தையோடு வேறு காரணங்களும் சேரும்போது நோய் வேகம் பிடிக்கும். அவை எவை?

புகையிலை: பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு நோய் அதிகம் வரும். ஆனால் ரத்தம் குறைவாகவே வரும். அதனால் நோய் இருப்பதே தெரியாது.

சர்க்கரை வியாதி: சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம்.

கர்ப்ப காலம்: உடம்பில் சுரக்கும் நீர்கள் மாறுவதால் கர்ப்பிணிகளுக்கு ஈறு எளிதில் வீங்கும்.

மருந்துகள்: வலிப்பு, ரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்கான சில மருந்துகள் ஈறைத் தடிக்க வைக்கும். டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக்கூடாது.

என்ன செய்யவேண்டும்?

மிருதுவான பிரஷ் வாங்குங்கள். காலையிலும் இரவு படுக்கும் முன்பும் 2 நிமிடம் துலக்குங்கள். ரத்தம் வரும் இடத்தை விட்டுவிடாமல், ஈறு ஓரத்தில் மெதுவாகத் தேயுங்கள். செங்கல் பொடி, கரித்தூள் வேண்டாம். அவை பல்லையும் ஈறையும் தேய்த்துவிடும்.

இரண்டு வாரம் ஆகியும் ரத்தம் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் போகவேண்டும்.

"காரையை எடுத்தால் பல் ஆடும்" என்று பலர் பயப்படுகிறார்கள். எலும்பு கரைந்த இடத்தை அதுவரை காரை அடைத்துக்கொண்டு இருந்திருக்கும். எடுத்தபிறகு இடைவெளி தெரியும். பல் ஆடுவதற்குக் காரணம் நோய், சிகிச்சை அல்ல.

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். பல் போகாமல் பிடித்துக்கொண்டு இருப்பது ஈறும் எலும்பும்தான். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்!