படிப்பு முடிந்தபின் வேலை பெர்மிட்: உங்களுக்குத் தெரியுமா?

ராசிபுரம், ஆத்தூர் பக்கம் காட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் எப்படி என்று விசாரிக்கிறார்கள். அந்தப் படிப்புக்குப் பிறகு வேலை பெர்மிட் உண்டா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கடன் அடைவது அதை நம்பித்தான்.

★ கனடாவில் எல்லாக் கல்லூரிக்கும் இந்தப் பெர்மிட் கிடையாது. அரசுக் கல்லூரியின் பாடத்தைத் தனியார் கல்லூரி உரிமம் வாங்கி நடத்துகிறதா? 2024 மே 15 முதல் அதில் சேர்ந்தவர்களுக்குப் பெர்மிட் இல்லை. சான்றிதழில் இருக்கும் பெயரை மட்டும் பார்க்காமல், வகுப்பு யார் கட்டடத்தில் நடக்கிறது என்றும் கேளுங்கள்.

★ அட்மிஷனுக்காகச் சேலத்தில் எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் மதிப்பெண் கனடா பெர்மிட்டுக்குச் செல்லாது! 2024 நவம்பர் 1 முதல் மொழித் தேர்வு கட்டாயம். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் ஜெனரல் டிரெய்னிங் எழுத வேண்டும். பல்கலைக்கழகப் பட்டதாரி என்றால் நான்கு பிரிவிலும் குறைந்தது 6. படிப்பு முடிந்ததாகக் கல்லூரி உறுதி செய்ததும் 180 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். இந்தப் பெர்மிட் வாழ்நாளில் ஒருமுறைதான்.

★ பிரிட்டனில் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்குப் பெர்மிட் காலம் 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. பிஎச்.டி.க்கு 3 ஆண்டு அப்படியே. மாணவர் விசா முடியும் முன்பே, அங்கே இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும்.

★ ஜெர்மனியில் படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம். அதுவரை எந்த வேலைக்கும் போகலாம்.

★ அமெரிக்காவில் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓ.பி.டி. 12 மாதம். அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு உண்டு. ஆனால் முதல் 12 மாதத்தில் வேலையில்லாத நாள்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது.

★ இந்தியாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு இப்படியொரு பெர்மிட்டே இல்லை. தனியாக வேலை விசா வாங்க வேண்டும். அதற்கு ஆண்டுச் சம்பளம் பொதுவாக 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். நம் ஊரில் எத்தனை கம்பெனி புதுப் பட்டதாரிக்கு அதைத் தரும்?

★ பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டிக் கனடா பெர்மிட் தராது. 3 ஆண்டுக்குத் தகுதி இருந்தும் பாஸ்போர்ட் ஓராண்டுதான் மிச்சமென்றால் பெர்மிட்டும் ஓராண்டுதான். மீதிக் காலத்துக்கு நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். அதனால் பாஸ்போர்ட்டைப் படிப்பு முடிவதற்குள் புதுப்பித்துவிடச் சொல்லுங்கள்.