காய்ச்சல் விட்ட பிறகு

2012 கோடையில் திருநெல்வேலி மாவட்டத்தை டெங்கு ஆட்டிப்படைத்தது. அதிகம் அடிபட்ட ஊர்களில் ஒன்று கடையநல்லூர். இன்று அது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு தமிழகத்தில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அரசுக் கணக்கில் 66 பேர் இறந்தார்கள்.

டெங்குவில் மூன்று நாள் அனலாய்க் கொதித்த உடம்பு நான்காம் நாள் குளிர்ந்தால், “காய்ச்சல் விட்டுட்டு, இனி பயமில்ல” என்போம். பெரும்பாலோருக்கு அது சரிதான். ஆனால் டெங்கு முற்றினால் முற்றுவது அந்த நேரத்தில்தான். நோயின் இந்த உச்சக்கட்டத்தை மருத்துவர்கள் ‘கிரிட்டிகல் ஃபேஸ்’ என்கிறார்கள். நீடிப்பது 24 முதல் 48 மணி நேரம்.

விந்தை என்னவென்றால், அதற்குள் ரத்தத்தில் வைரஸ் வெகுவாகக் குறைந்திருக்கும். வைரஸ் உமிழ்ந்த ஒரு புரதமும், அதை எதிர்க்கக் கிளம்பிய நம் தற்காப்புப் படையும் சேர்ந்து நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்பூச்சைச் சிதைக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகிறது. சிவப்பணுக்கள் உள்ளேயே நிற்பதால், அடுப்பில் சுண்டும் ரசம் போல ரத்தம் கெட்டியாகிறது.

எல்லோரும் கேட்பது “பிளேட்லெட் எவ்வளவு?” என்றுதான். பரிசோதனைச் சீட்டில் ‘பிசிவி’ என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு அது. 40 இருந்தது 48 ஆனால், கசிவு கணிசம் என்று பொருள்.

உடம்பு இதை மறைப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையாதிருக்க, கைகால் குழாய்களை இறுக்கிவிடும். அதனால் மேல் ரத்த அழுத்தம் 100-லேயே நிற்க, கீழ் அழுத்தம் 80, 85 என ஏறும். இரண்டுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே வந்தால் ஆபத்து. நோயாளியோ தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார்! விரல்நுனியை அழுத்திவிட்டுப் பாருங்கள்: வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். தாமதித்தாலோ, கை சில்லிட்டாலோ, வயிறு விடாமல் வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அங்கே மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. அளந்து ஏற்றும் டிரிப்ஸ்தான். அளப்பதில்தான் சூட்சுமம். கசிவு நின்றதும், வெளியேறிய நீரெல்லாம் தானாகவே குழாய்க்குத் திரும்பத் தொடங்கும். அப்போதும் டிரிப்ஸ் ஓடினால், காப்பாற்றிய அதே உப்புநீர் நுரையீரலில் தேங்கி மூச்சை முட்டவைக்கும். தேறும் இந்தக் கட்டத்தில் பசி திரும்பும், சிறுநீர் தாராளமாகப் போகும். முதலில் வெள்ளையணுக்கள் ஏறும். வீட்டார் மணிக்கொருதரம் விசாரிக்கும் பிளேட்லெட், ஆபத்து நீங்கிய பிறகு சாவகாசமாக ஏறும்.