அண்ணாச்சியும் சேட்டனும்

கம்பத்திலிருந்து கூடலூரையும் லோயர்கேம்பையும் கடந்து மலையேறுவோர் குமுளியை அடைகிறார்கள். அவ்வூரின் ஒரு புறம் தமிழ்நாடு, மறுபுறம் கேரளம். விடியற்காலையில் அங்கே நிற்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். பள்ளத்தாக்கின் காய்கறியும் வாழைத்தாரும் லாரிகளில் மேலேறுகின்றன. ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் நம் பெண்மக்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். எல்லையிலுள்ள தேநீர்க் கடையில் ஒருவர் மற்றவரை 'அண்ணாச்சி' என்கிறார். அவர் இவரைச் 'சேட்டா' என்கிறார். இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. இரண்டும் மூத்த சகோதரனைக் குறிப்பவை.

ஆயினும் இவ்விரு சொற்களையும் வேறு விதமாகச் சொல்லக் கேட்டவர் பலர். குரலைச் சற்று இழுத்து, உதட்டைக் கோணி, பக்கத்திலிருப்பவரைப் பார்த்துக் கண் சிமிட்டிச் சொன்னால் 'அண்ணாச்சி' என்பது அறிவற்ற பட்டிக்காட்டான் என்று பொருள்படும். 'சேட்டன்' என்பது தந்திரக்காரன் என்று பொருள்படும். அண்ணன் என்ற சொல்லைக் கொண்டே அண்ணனை அவமதிக்க முடிகிறது! இது வெறும் விளையாட்டா, அல்லது உண்மையான அவமதிப்பா என்ற கேள்விக்கு நேர்மையாக விடை காண வேண்டியவர்கள், இரு மொழிகளும் அன்றாடம் தோள் உரசும் இப்பள்ளத்தாக்கின் ஜனங்களே.

'சிரிப்பதற்கும் தடையா? அயலூரானைக் கேலி செய்யாத ஊர் உலகில் உண்டா?' என்று கேட்போர் உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயமில்லாமற் போகவில்லை. ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரின் உணவையும் உடையையும் உச்சரிப்பையும் பார்த்து நகைப்பது மனித சுபாவம். பழகியவர்களுக்கிடையே பரிகாசம் அன்பின் அடையாளமாகவும் இருப்பதுண்டு. நகைச்சுவையே கூடாதென்று சொல்லும் சமூகம் நோயுற்ற சமூகம். ஆனால், சிரிப்பு எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்ததன்று என்பதை மட்டும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மலையாள நாட்டில் தமிழரைக் குறிக்க வழங்கும் 'பாண்டி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பாண்டிய நாட்டிலிருந்து வந்தவன் என்பதே அதன் நேர்ப்பொருள். மதுரையில் அரசு செலுத்திய குலத்தின் பெயர் அது. பந்தளத்து அரச குடும்பமும் பூஞ்சாற்று அரச குடும்பமும் தாம் பாண்டிய மரபில் வந்தவர்கள் என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கின்றன. ஆண்டுதோறும் கம்பம், குமுளி வழியாக இருமுடி சுமந்து சபரிமலை செல்லும் பக்தர்கள் தொழும் மணிகண்டனை எடுத்து வளர்த்தவர் அந்தப் பந்தளத்து மன்னர் என்பது ஐதிகம். ஆகவே, அந்த யாத்திரிகர்களைப் பார்த்துப் 'பாண்டி' என்று இளிப்பவர், தம்மையறியாமல் ஐயப்பனின் வளர்ப்புத் தந்தையையும் சேர்த்தே இளிக்கிறார்.

அரசனுக்குப் பெருமையாக இருந்த பெயர் கூலிக்காரனுக்கு வசையானது எப்படி? சொல் மாறவில்லை, சொல்லப்படுகிறவன் மாறினான். பஞ்சம் பிழைக்க மலையேறியவனும், தேயிலையும் ஏலமும் பறிக்கச் சென்றவளும், வீட்டு வேலைக்குப் போனவளும் அந்தப் பெயரைச் சுமந்தார்கள். அவர்களது வறுமை அந்தப் பெயரின்மீது அழுக்காகப் படிந்தது.

இதற்கு ஒப்பான வரலாறு தென்னாப்பிரிக்காவிலும் உண்டு. அங்கே வெள்ளையர் இந்தியரைக் 'கூலி' என்றும் 'சாமி' என்றும் அழைத்ததை மகாத்மா காந்தி தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ராமசாமி, முத்துசாமி என்ற தமிழ்ப் பெயர்களின் ஈற்றிலிருந்து பிறந்த ஏளனம் அது. ஸ்வாமி என்றால் எஜமானன் என்று பொருள் என்பதை எடுத்துக்காட்டிப் பதில் கொடுத்த இந்தியரும் இருந்தனர். காந்தியடிகளையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். அந்நாளில் அதைச் சொன்னவர்களும் வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். வேடிக்கையென்று பெயர் சூட்டிவிட்டால் விஷம் அமுதமாகிவிடுமா?

2010 பிப்ரவரியில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலையாள நடிகர் ஜெயராம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தம் வீட்டில் வேலை செய்த தமிழ்ப் பெண்ணின் நிறத்தையும் உடலையும் குறித்து வேடிக்கையாகப் பேசினார். தமிழ்ப் படங்களிலும் நடித்துத் தமிழர்களின் அபிமானத்தைப் பெற்றவர் அவர். தமிழகத்தில் கண்டனம் எழுந்தது. அவர் மன்னிப்புக் கோரினார். அதற்கிடையே சென்னையிலிருந்த அவரது வீடு தாக்கப்பட்டது. அப்பேச்சு தவறு, அத்தாக்குதலும் தவறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். அந்தச் சச்சரவு முழுவதிலும் எல்லோரும் பேசினார்கள். பேசாதவள் ஒருத்தி மட்டுமே. யாருடைய உடலைக் கொண்டு சிரிப்பு விளைவிக்கப்பட்டதோ அந்தப் பெண்தான். மேலிருப்பவர் கீழிருப்பவரைப் பார்த்துச் செய்யும் பரிகாசத்தின் இலட்சணம் இது. திருப்பிச் சிரிக்க அவர்களுக்கு இடமில்லை.

பிறர் குற்றம் பேசுவது எளிது. நம்முடைய கணக்கையும் சற்றுப் பார்ப்போம். தமிழ்த் திரைப்படங்களில் மலையாளி பெரும்பாலும் எப்படி வந்து போகிறார்? தேநீர் ஆற்றும் நாயராக வருகிறார். மை போடும் மந்திரவாதியாக வருகிறார். மலையாளப் பெண்ணைப் பற்றிய 'நகைச்சுவை' என்றால் சகோதரிகளோடு அமர்ந்து கேட்கும் யோக்கியதை பலவற்றிற்கு இல்லை. 'பாண்டி' என்ற சொல்லுக்குக் கொதிக்கும் நாம் இவற்றுக்குக் கைதட்டியிருக்கிறோம்.

அவ்வளவு தூரம் போவானேன்? இப்பள்ளத்தாக்கின் மலையடிவாரங்களில் வாழும் பளியர்களின் பேச்சையும் நடையையும் நடித்துக் காட்டிச் சிரிப்பவர் நம்மிடையே இல்லையா? வேலை தேடி வடநாட்டிலிருந்து வரும் தொழிலாளியை 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் அடக்கி, அவன் வாயிலிருக்கும் பாக்கையும் அவன் பேசும் தமிழையும் கேலி செய்பவர் யார்? தேனி மாவட்டத்து எழுத்தாளர் பாஸ்கர் சக்தி இயக்கி 2024-ல் வெளிவந்த 'ரயில்' என்ற படத்துக்கு முதலில் இட்ட பெயர் 'வடக்கன்' என்பதே. தணிக்கைக் குழுவினர் அதை ஒப்பாமையால் பெயர் மாறிற்று. வடநாட்டுத் தொழிலாளி ஒருவனைத் தன் பிழைப்பைக் கெடுக்க வந்தவனாக வெறுக்கும் உள்ளூர்க்காரனின் கதை அது. பெயரை மாற்றியதால் அச்சொல் தெருக்களிலிருந்து மறைந்துவிடவில்லை. குமுளிக்கு அப்பால் நம் மக்கள் எந்த இடத்தில் நிற்கிறார்களோ, அதே இடத்தில் இங்கே வடநாட்டுத் தொழிலாளி நிற்கிறான். அங்கே நமக்கு வலிப்பது இங்கே அவனுக்கு வலிக்காதா?

கேலியினால் என்ன கெட்டுவிட்டது என்போருக்கு 2011 டிசம்பர் மாதத்தை நினைவூட்ட விரும்புகிறோம். முல்லைப் பெரியாறு அணை 1886-ம் ஆண்டின் 999 வருஷ ஒப்பந்தத்தின்படி, பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறியாளரால் கட்டப்பட்டு 1895-ல் முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அதன் நீரே உயிர். அணையின் பலத்தைப் பற்றிய தகராறு 2011-ல் முற்றியது. அணை உடைவதாகக் காட்டும் 'டேம் 999' என்ற படத்தை நவம்பரில் தமிழக அரசு தடை செய்தது. டிசம்பரில் குமுளியிலும் அப்பாலுள்ள தோட்டங்களிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். கம்பம், தேனிப் பகுதிகளில் மலையாளிகளின் கடைகளும் உடைமைகளும் தாக்கப்பட்டன. எல்லைச் சாலை அடைபட்டது. கூலிக்குச் சென்றிருந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு மலையிறங்கின. பல ஆண்டுகள் அண்ணாச்சி என்றும் சேட்டா என்றும் அழைத்துக்கொண்டவர்களின் ஊர்களிலேயே கல் பறந்தது.

அந்தக் கலகத்தைக் கேலிப் பேச்சு உண்டாக்கிற்று என்று நாம் சொல்லவில்லை. தண்ணீரும் அச்சமும் அரசியலும் அதற்குக் காரணங்கள். ஆனால் கேலி வேறொரு காரியத்தைச் செய்துவிடுகிறது. ஒரு மனிதனைப் பல்லாண்டுகள் 'பாண்டி' என்றும், 'சேட்டன்' என்றும் ஒரே அச்சில் வார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவனுடைய சொந்த முகம் தெரியாமற் போகிறது. சமாதான காலத்தில் இந்தக் குருட்டுத்தனத்தால் பெரிய நஷ்டம் தெரிவதில்லை. சண்டை மூண்ட அன்றுதான் தெரிகிறது. முகம் தெரிந்தவன்மீது கல்லெறியக் கை தயங்கும். அச்சு உருவத்தின்மீது எறியத் தயங்குவதில்லை.

அப்படியானால் சட்டம் போட்டுத் தடுக்கலாமா? ஸர்தார்ஜிகளைக் குறித்து வழங்கும் துணுக்குகளைத் தடை செய்யவேண்டுமென்று 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. ஜனங்கள் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டுமென்ற ஒழுக்க விதிகளை நீதிமன்றம் வகுத்துத் தர இயலாது என்று நீதிபதிகள் 2017 பிப்ரவரியில் கூறிவிட்டார்கள். அது சரியென்பதே நமது அபிப்பிராயமும். சிரிப்பைப் போலீஸ்காரர் காவல் செய்வதென்பது நடவாத காரியம், நடந்தாலும் நன்மையன்று. வன்முறையைத் தூண்டும் பேச்சுக்குச் சட்டம் இருக்கிறது. எஞ்சியதற்கு ஜனங்களின் மனச்சாட்சியே காவல்.

அந்த மனச்சாட்சிக்கு உதவியாக எளிய சோதனை ஒன்றைச் சொல்லலாம். குமுளித் தேநீர்க் கடையில், எதிர்ப் பலகையில் அமர்ந்திருப்பவர் முகத்துக்கு நேரே, அவருக்குப் புரியும் மொழியில் அதைச் சொல்ல முடியுமா? சொன்னால், அவரும் நம்மைப் பற்றி ஒன்று சொல்லி, இருவரும் சேர்ந்து சிரிக்க முடியுமா? முடியுமானால் அது ஹாஸ்யம், தாராளமாகச் சொல்லலாம். அவர் எழுந்து போகும்வரை காத்திருந்து சொல்லவேண்டியதாயின் அது அவதூறு. அவர் நம்மிடம் கூலி வாங்குகிறவராதலால் பதில் சொல்லமாட்டார் என்ற தைரியத்தில் சொல்லுவதாயின், அது கோழைத்தனம்.

இந்தச் சோதனையில் தேறும் கலைஞர்கள் இல்லாமலில்லை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' என்ற மலையாளப் படத்தில், தமிழரின் தேநீரையும் பழக்கங்களையும் பிடிக்காத மலையாளி ஒருவன், பகல் தூக்கத்திலிருந்து விழித்து, ஒரு தமிழ்க் கிராமத்தில் இறங்கி, சுந்தரம் என்னும் தமிழனாகவே நடமாடுகிறான். அதில் நகைப்பு இருக்கிறது; ஆனால் எவரையும் இகழாத நகைப்பு. கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மீட்கும் மலையாள இளைஞர்களின் கதையான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' 2024-ல் வெளிவந்தபோது, தமிழ் ரசிகர்கள் அதைத் தம்முடைய படமாகவே கொண்டாடினார்கள். எல்லையின் இரு புறமும் உள்ள சாமானிய ஜனங்கள் நல்லதை ஏற்கத் தயாராகவே இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

கூடலூருக்கு மேலே, எல்லை மலையின்மீது, மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, இரு மாநில ஜனங்களும் அங்கே ஏறிச்சென்று வழிபடுகிறார்கள். பாண்டியன் ஊரில் நீதி கேட்டுச் சேர நாடு புகுந்தவள் அவள். அன்று மலைப்பாதையில் மூச்சு வாங்க ஏறுகிறவர்களில் யார் அண்ணாச்சி, யார் சேட்டன் என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. பின்னால் வரும் கிழவிக்கு, முன்னே போகிறவர் கை கொடுக்கிறார். ஒரு நாள் முடிகிற இந்தக் காரியம், மலையிறங்கிய பிறகு மற்ற நாட்களிலும் ஏன் முடியாது? அழைக்கும் சொல் 'அண்ணன்' என்றே இரு மொழியிலும் இருக்கிறது. அதை அதன் பொருளோடு சொல்லப் பழகினால் போதும்.