மலை ஏறும் மோட்டார் வண்டிகளில் எஞ்சின் கொதிப்பு: காரணங்களும் பரிகாரங்களும்

கோயம்புத்தூர் ஜில்லாவில் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் பாதை சுமார் 65 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஆழியாறு அடிவாரத்தைத் தாண்டியதும் அது 40 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஆனைமலையின் மேல் ஏறுகிறது. வால்பாறை மேட்டில் தேயிலை, காப்பி, ஏலம், மிளகு முதலியன விளைகின்றனவேயன்றி, அங்குள்ள ஜனங்களுக்கு வேண்டிய அரிசி, காய்கறி, தேங்காய் ஆகியவற்றில் பெரும் பகுதி சமவெளியிலிருந்தே செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பகுதிகளின் நிலச்சுவான்தார்களில் பலர் தங்கள் கார், ஜீப்பு, சிறு பாரவண்டி ஆகியவற்றுடன் இம்மலையை ஏற நேரிடுகிறது. சமவெளியில் குற்றமின்றி ஓடிய வண்டி பத்தாவது வளைவுக்குள் ஆவி கக்கி நின்று விடுவதுமுண்டு. அப்படி நின்ற வண்டியைப் பதற்றத்தால் தவறாகக் கையாண்டால், சில நூறு ரூபாய்ச் செலவில் தீர வேண்டிய குறை எஞ்சினையே கெடுத்து விடும். கொதிநீர் பட்டு மனிதர் வெந்து போகவும் கூடும்.

எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

எண்ணெய் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வண்டியை இழுக்கும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் போய் விடுகிறது. மீதியில் பெரும்பகுதி எஞ்சினைச் சுற்றியுள்ள நீரில் இறங்குகிறது. 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி 700 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக் கொண்டால், அவ்வேற்றத்திற்காக மட்டும் நீரில் இறங்கும் உஷ்ணம், சாதாரணக் கிணற்று நீரில் சுமார் 35 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதுமானது. ஆனால் சாதாரணக் காரிலுள்ள நீரோ ஐந்தாறு லிட்டரே. அந்தச் சிறிதளவு நீர் ஓயாமல் சுற்றி வந்து, ஏற்ற உஷ்ணத்தை அவ்வப்போது காற்றிலே விட்டு விட்டால்தான் எஞ்சின் பிழைக்கும்.

ஆயில் எஞ்சின் வைத்துக் கிணற்று நீர் இறைத்த குடியானவருக்கு இது புதிதல்ல. அங்கே இறைக்கும் நீரில் ஒரு சிறு பங்கு எஞ்சினைச் சுற்றி விடப்பட்டு, சூடேறி வெளியே போகும். புதிய நீர் வந்துகொண்டேயிருக்கும். காரில் கிணறு இல்லை. ஆதலால் பம்பு ஒன்று நீரை எஞ்சினிலிருந்து முன்பக்கத்து ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே மெல்லிய குழாய்களிலும் தகடுகளிலும் காற்றுப் பட்டு ஆறிய நீர் மறுபடியும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. இடையில் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இது மூடியிருந்து, நீர் சுமார் 80 முதல் 90 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும்போது திறந்து வழிவிடும்.

மலையில் மூன்று இடையூறுகள் ஒன்றுசேர்கின்றன. வேலை அதிகம், வேகம் குறைவாகையால் எதிர்க்காற்றும் குறைவு, உயரம் ஏற ஏற நீர் கொதிக்கும் நிலையும் தாழ்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் 1,000 மீட்டர் உயரத்தில் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டரின் அழுத்த மூடி இக்குறையை ஈடுசெய்கிறது. அது உள்ளே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தை அதிகமாக நிறுத்தி வைப்பதால், நீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமலிருக்கும். 1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விடத் தொடங்கிய காலத்து வண்டிகளில் இத்தகைய அழுத்த மூடி வழக்கத்தில் இல்லை. வழியில் நீர் ஊற்றிக்கொண்டு போவது அக்காலத்தில் சாதாரணம். இக்காலத்து வண்டி நீர் கேட்குமாயின், அது ஏதோ ஒரு குறையின் அறிகுறியென்றே கொள்ள வேண்டும்.

வழியில் செய்ய வேண்டியது

உஷ்ணமானியின் முள் ஏறக் கண்டவுடன் குளிர்சாதனத்தை நிறுத்தி, சூட்டுக்காற்றுச் சாதனத்தை முழு அளவில் திறந்து விடுக. உள்ளே இருப்போர்க்குச் சிரமமேயாயினும், அது இரண்டாவது சிறு ரேடியேட்டராக வேலை செய்யும். பெரிய கியரில் எஞ்சினைத் திணற விடாமல் முன்னதாகவே சிறிய கியருக்கு மாற்றினால், பம்பு விரைந்து சுழன்று நீரோட்டம் பெருகும்.

முள் மேலும் ஏறினால், வளைவின் நடுவில் நிற்காமல் அகலமான, பார்வையுள்ள இடத்தில் நிறுத்திக் கை பிரேக்கைப் பிடித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். நீர் குறையாமலும் ஆவி வராமலும் இருந்தால், விசிறி சுழலும்படி எஞ்சினைச் சில நிமிஷம் மெதுவாக ஓட விடலாம். ஆவி வந்தாலும், பெல்ட் அறுந்திருந்தாலும், நீர் ஒழுகினாலும் உடனே நிறுத்தி விட வேண்டும்.

சூடாயிருக்கையில் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தம் நீங்கிய கணமே 100 டிகிரிக்கு மேலுள்ள நீர் ஆவியாகப் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். அரைமணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸ் குழாயைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற பின்னரே, தடித்த துணியைப் போட்டு மெல்லத் திருக வேண்டும். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் இரும்பு வெடிக்கக் கூடும். ஆறிய பிறகு சிறிது சிறிதாக ஊற்றுதலே முறை.

இம்மலைப்பாதை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியே செல்வதாலும், யானைகள் நடமாடுவதாலும், ஓடையில் நீர் மொள்ளக் காட்டுக்குள் இறங்குவது தகாது. அடிவாரத்திலேயே பத்து லிட்டர் நல்ல நீரை வண்டியில் ஏற்றிக்கொள்வது சிலாக்கியம்.

குறையைக் கண்டறியும் வகை

எப்பொழுது சூடேறுகிறது என்பதைக் கவனித்தால் பாதி நோய் புலப்பட்டு விடும்.

1. சமவெளியில் நன்றாக ஓடி, ஏற்றத்திலும் நெரிசலிலும் மட்டும் கொதித்தால், காற்றுக் குறைவே காரணமாக இருக்கக் கூடும். விசிறி சுழல்கிறதா, மின்விசிறியாயின் அதன் பியூஸ் எரிந்துள்ளதா, பெல்ட் தளர்ந்துள்ளதா, ரேடியேட்டர்த் தகடுகளில் பூச்சி, தூசி, பதர் அடைந்துள்ளனவா என்று பார்க்க. அறுவடைக் களத்தில் ஓடும் டிராக்டருக்கும் இதுவே முதல் சோதனை. அடைப்பை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகக் காற்றோ மெல்லிய நீரோ பாய்ச்சி நீக்க வேண்டும். மின்விசிறி எஞ்சின் நின்ற பிறகும் தானே சுழலக் கூடுமாதலால் கை ஜாக்கிரதை.

2. சமதளத்தில் வேகமாக ஓடுகையிலும் கொதித்தால், நீரோட்டக் குறைவென்று சந்தேகிக்கலாம். எஞ்சின் சூடேறியும் கீழ் ஹோஸ் குளிர்ந்தேயிருந்தால் தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டதாகவோ ரேடியேட்டர் அடைபட்டதாகவோ கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பாத்திர நீரில் தொங்கவிட்டு உஷ்ணமானியுடன் காய்ச்சினால், திறக்கும் நிலை கண்ணுக்கே தெரியும். திறவாததை மாற்ற வேண்டுமேயன்றி, அதை எறிந்து விட்டு ஓட்டுவது சரியன்று.

3. நீர் அடிக்கடி குறைந்தால் ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் ஓரங்கள், பம்பின் அடியிலுள்ள சிறு துவாரம் ஆகியவற்றைப் பார்க்க. அத்துவாரத்தில் கசிவிருந்தால் பம்பின் சீல் தேய்ந்தது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், வேறு குறையே இல்லாத வண்டியும் மலையில் கொதிக்கும்.

4. வெளியே கசிவின்றி நீர் குறைந்து, புகைக்குழாயில் வெண்புகை தொடர்ந்து வந்து, எஞ்சின் எண்ணெய் பாற்காப்பி நிறம் அடைந்தால், ஹெட் காஸ்கெட் பழுதாகியிருக்கலாம். அவ்வண்டியைத் தானாக ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்வதே இலாபம்.

நீர் முற்றும் வற்றினால் சில வண்டிகளில் முள் ஏறாமல் இறங்கியும் காட்டும். சூட்டுக்காற்று திடீரெனக் குளிர்வதும், காய்ந்த வாடை வருவதும் அப்போதைய எச்சரிக்கைகள்.

நீரின் குணம்

கொங்கு நாட்டு ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளைப் பற்று படிவது போலவே ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிகிறது. அப்பற்று உஷ்ணத்தைக் கடத்தாது. நாளடைவில் குழாயையும் அடைத்து விடும். ஆபத்துச் சமயம் தவிர அந்நீரை ஊற்றலாகாது. காய்ச்சி வடித்த நீருடன் வண்டித் தயாரிப்பாளர் குறித்த கூலண்டைச் சரிபாதியாகக் கலப்பது பொதுவான வழக்கம். இது கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும். வெவ்வேறு வகைக் கூலண்டுகளை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. புதிதாக நிரப்பிய பின், உள்ளே தங்கிய காற்று வெளியேறும்படி எஞ்சினைச் சிறிது ஓட்டி, ஆறிய பின் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

குடியானவர் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. கூலண்டுகளிற் பெரும்பாலானவற்றிலுள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய விஷம். வடித்த கூலண்டைத் தொழுவத்தருகிலோ கிணற்று மேட்டிலோ கொட்டினால், நாயும் கன்றும் நக்கி இறக்க நேரிடும். குழந்தைகளுக்கும் எட்டாதபடி மூடிய பாத்திரத்தில் வைத்துப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

புறப்படுமுன்

மலை ஏறும் நாளன்று காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், நீரின் அளவு, ஹோஸ்களின் உறுதி, பெல்ட்டின் இறுக்கம், விசிறியின் சுழற்சி, மூடியின் ரப்பர் ஆகிய ஐந்தையும் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். கிராம உத்தியோகஸ்தர்களும் தங்கள் ஊரில் வாடகைக்கு ஓடும் ஜீப்புகளின் சொந்தக்காரர்களுக்கு இதை எடுத்துரைப்பது நலம். ஏனெனில் அவ்வண்டிகளிலேயே அவசர காலத்தில் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏற்றிச் செல்லப்படுகின்றனர். காய்கறி வாடினால் நஷ்டம் ஒரு நாளோடு போம். நோயாளியுடன் நடுவழியில் நின்ற வண்டிக்கு ஈடு சொல்ல இயலாது.