வாட்ச்மேன் அனுப்ப லைசென்ஸ் வேணும்... நர்ஸ் அனுப்ப?

திருச்சுழி பக்கம் எங்க கிராமத்துல, போன வருஷம் அப்பத்தா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சுபோச்சு. மதுரையில ஆபரேஷன் முடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அப்பத்தாவுக்கு சுகரும் உண்டு. "ஒரு மாசத்துக்கு வீட்ல நர்ஸ் வெச்சுக்கங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டார். விசாரிச்சதுல ஒரு ஏஜென்சி நம்பர் கிடைச்சது. போன் போட்டா, மறுநாள் காலையிலேயே வெள்ளை கோட்டு போட்ட ஒரு பொண்ணு பஸ்ல வந்து இறங்கிட்டா. இருபது வயசு இருக்கும். நல்ல சிரிச்ச முகம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போடணும். சீட்டுல 20 யூனிட்னு எழுதியிருந்தது. அந்தப் பொண்ணு வீட்ல இருந்த பழைய சிரிஞ்சை எடுத்து, 20 கோடு வரைக்கும் கரெக்டா இழுத்தா. எனக்கு ஏதோ உறுத்திச்சு. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தா ஒரு மில்லிக்கு 100 யூனிட்னு போட்டிருக்கு. சிரிஞ்ச் சிவப்பு மூடி போட்டது, அதாவது 40 யூனிட் மருந்துக்கானது. நம்ம ஊர்ல ரெண்டு வகையும் புழக்கத்துல இருக்கு. 100 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சுதான் போடணும். சிவப்பு மூடியில 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 50 யூனிட். ரெண்டரை மடங்கு! அப்பத்தா வயசுல சுகர் அந்தளவுக்கு இறங்கினா உயிருக்கே ஆபத்து.

கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். "என்ன படிச்சிருக்க தாயி?"ன்னு கேட்டா, "ஆறு மாசம் கோர்ஸ்க்கா... ஏஜென்சில நர்ஸுன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க"ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அதுக்கப்புறம் அவ சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வெச்சது.

"போன மாசம் வரைக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரில நைட் டூட்டி பார்த்தேன்க்கா. அங்கயும் இதே ஏஜென்சிதான் அனுப்பிச்சு."

வீட்ல ஒரு நோயாளி. ஆஸ்பத்திரி வார்டுல எத்தனை பேர்?

யாரு நர்ஸ், யாரு நர்ஸ் இல்லை?

முதல்ல இதைத் தெளிவு பண்ணிக்கலாம். பி.எஸ்சி நர்சிங் 4 வருஷம். ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருஷம். ஏ.என்.எம். 2 வருஷம். இதுல ஏதாவது ஒண்ணு முடிச்சு, மாநில நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணி, பதிவு எண் வாங்கணும். தமிழ்நாட்டுல இந்தப் பதிவுக்கான சட்டம் 1926-லயே வந்துடுச்சு. 2023-ல நாடாளுமன்றத்துல நிறைவேறின தேசிய நர்சிங் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டமும், தேசிய அளவுல ஒரு பதிவேடு வேணும்னு சொல்லுது.

ஆறு மாசம், ஒரு வருஷம் கோர்ஸ் முடிச்சவங்க உதவியாளர்கள். அவங்க வேலையும் லேசுப்பட்டது இல்லை. படுக்கையில கிடக்குறவங்களைக் குளிப்பாட்டுறது, புண் வராம புரட்டிப் படுக்க வைக்கிறது, நேரத்துக்குச் சாப்பாடு ஊட்டுறதுன்னு இடுப்பொடிய செய்யுற வேலை. அப்பத்தாவை அந்தப் பொண்ணு பார்த்துக்கிட்ட மாதிரி நாங்க யாரும் பார்த்துக்கலை. ஆனா ஊசி, டிரிப்ஸ், மருந்து அளவு எல்லாம் அவங்க படிப்புல இருக்குறது வேற, வார்டுல தனியா நின்னு செய்யறது வேற. வெள்ளை கோட்டு போட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரியுறாங்க. சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

ஏஜென்சி எதுக்கு வருது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பின பூமி. மானாவாரி வெள்ளாமை, மில் வேலை, நெசவு, மல்லிப்பூன்னு ஓடுற ஊர்கள். விருதுநகர்ல அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில திறந்தாங்க. இருந்தாலும் பெரிய ஆபரேஷன்னா இன்னும் பலருக்கு மதுரைதான். சின்னச் சின்ன தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு எந்நேரமும் முழு ஆள் வெச்சுக்குறது கட்டுப்படியாகாது. ஒரு நர்ஸ் பிரசவ லீவுல போனா, ஒருத்தங்க வெளிநாடு கிளம்பினா, உடனே ஆள் வேணும். போன் போட்டா ராத்திரி டூட்டிக்கு ஆள் அனுப்புறது யாரு? ஏஜென்சி. அதனால ஏஜென்சியே கூடாதுன்னு சொல்ல முடியாது. அதுக்கு என்ன கணக்கு வழக்கு இருக்குன்னுதான் கேக்கணும்.

வாட்ச்மேனுக்கு இருக்கு!

அபார்ட்மென்ட் வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணனை எடுத்துக்கங்க. அவரை அனுப்புற கம்பெனிக்கு 2005-லயே ஒரு தனிச் சட்டம் வந்துடுச்சு: தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். லைசென்ஸ் இல்லாம ஏஜென்சி நடத்தக் கூடாது. அனுப்புற ஆளோட பின்னணியைச் சரிபார்க்கணும். மத்திய அரசோட மாதிரி விதிகள்படி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப் பயிற்சி குடுக்கணும். யாரை எங்க அனுப்பினோம்னு பதிவேடு வெச்சிருக்கணும். விதியை மீறினா லைசென்ஸ் ரத்து.

இதெல்லாம் எல்லா இடத்துலயும் ஒழுங்கா நடக்குதான்னு கேட்டா, அது வேற பஞ்சாயத்து. ஆனா தப்பு நடந்தா கையில எடுக்க ஒரு சட்டம் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் அனுப்புற ஏஜென்சிக்குன்னு இப்படி ஒரு மத்திய சட்டம் இல்லை. கேட்டைப் பார்த்துக்குற ஆளுக்கு இருக்குற கட்டுப்பாடு, ஐ.சி.யூ.வைப் பார்த்துக்குற ஆளை அனுப்புறவங்களுக்கு இல்லை.

வேற சட்டமே இல்லையா?

இருக்கு. ஆனா வலையில பெரிய பெரிய ஓட்டை.

1970-ல வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, 20 பேரோ அதுக்கு மேலயோ வேலைக்கு அனுப்புற ஒப்பந்ததாரர் லைசென்ஸ் எடுக்கணும்னு இருந்துச்சு. இந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-லிருந்து அமலுக்கு வந்துருக்கு. அதுல அந்த 20, 50 ஆகிடுச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க... ஒரு தாலுகா ஊர்ல, ரெண்டு செல்போனும் ஒரு நோட்டும் வெச்சு, பதினஞ்சு பொண்ணுங்களை அனுப்புற ஏஜென்சி இதுல எங்க மாட்டும்? அதுவும் போக, அந்த லைசென்ஸ் தொழிலாளர் துறை குடுக்குறது. சம்பளம், வேலை நேரத்தைப் பார்க்கும். இன்சுலின் போடத் தெரியுமான்னு பார்க்காது.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ல வந்தது. அதுக்கான விதிகள் 2018-ல வந்துச்சு. ஆஸ்பத்திரி, கிளினிக், லேப் எல்லாம் பதிவு பண்ணணும்னு அது சொல்லுது. அது சிகிச்சை நடக்குற இடத்தைப் பார்க்குற சட்டம். ஆள் அனுப்புறவர் ஆபீஸ்ல சிகிச்சை நடக்கலையே!

நர்சிங் கவுன்சில் நர்ஸைப் பார்க்குது. சுகாதாரத் துறை ஆஸ்பத்திரியைப் பார்க்குது. நடுவுல இருக்குற ஏஜென்சி யார் கண்ணுலயும் படாம நிக்குது.

'நான் யாருட்டக்கா கேக்குறது?'

இது நோயாளி பிரச்னை மட்டும் இல்லை. எங்க சித்தி மக ஜி.என்.எம். முடிச்சு, முறையா பதிவு பண்ணின நர்ஸ். ஏஜென்சி மூலமா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தா. சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏஜென்சி வாங்கி வெச்சுக்கிச்சு. ரெண்டு மாசம் சம்பளம் வரலை.

"ஆஸ்பத்திரில கேட்டா ஏஜென்சியக் கேளுங்கிறாங்க. ஏஜென்சில கேட்டா ஆஸ்பத்திரி இன்னும் பணம் போடலைங்கிறாங்க. வேலையை விடலாம்னா சர்டிபிகேட் அவங்ககிட்ட. நான் யாருட்டக்கா கேக்குறது?"

சட்டப்படி பதில் இருக்கு. 1970 சட்டம் பொருந்தின இடத்துல ஒப்பந்ததாரர் சம்பளம் குடுக்கலைன்னா, வேலை வாங்கின நிறுவனம் குடுத்தாகணும்னு இருந்துச்சு. புதுத் தொகுப்புச் சட்டத்துலயும் அந்தப் பொறுப்பு இருக்கு. ஆனா ஏஜென்சியில அவளுக்கு ஆர்டரும் இல்லை, சம்பள ரசீதும் இல்லை. வாட்ஸ்அப்ல 'நாளைக்கு நைட், மூணாவது மாடி'ன்னு வந்த மெசேஜ்தான் ஆதாரம். ஆஸ்பத்திரி எவ்வளவு குடுக்குது, ஏஜென்சி எவ்வளவு எடுத்துக்குதுன்னு கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் சம்பளம் பத்தி உச்ச நீதிமன்றம் 2016-ல சொன்னதுக்கு அப்புறம், மத்திய அரசு அமைச்ச கமிட்டி ஒண்ணு தெளிவா பரிந்துரை பண்ணிச்சு. 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரின்னாலும் மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேலன்னா அரசு நர்ஸுக்குச் சமமா குடுக்கணும். கேரளாவுல நர்ஸ்கள் தொடர்ந்து போராடி, 2018-ல குறைந்தபட்சம் 20,000 ரூபாய்னு அரசு உத்தரவே வாங்கிட்டாங்க. ஆனா நர்ஸ் ஏஜென்சி ஆளா இருந்தா, "இவங்க எங்க ஸ்டாஃபே இல்லை"ன்னு ஆஸ்பத்திரி கையை விரிச்சிடலாம்.

குவைத்துன்னா சட்டம் வரும்... மதுரைன்னா?

இதே பொண்ணு குவைத்துக்கு வேலைக்குப் போறான்னு வைங்க. 1983-ல வந்த குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்குற ஏஜென்ட் மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும். எவ்வளவு கட்டணம் வாங்கலாம்னு உச்சவரம்பு இருக்கு. நர்ஸ்கள்கிட்ட லட்சக்கணக்குல பணம் பறிச்ச மோசடிகள் வெளியே வந்ததும், 2015-ல மத்திய அரசு இன்னும் இறுக்கிப் பிடிச்சது. குவைத், சவுதி உட்பட 18 நாடுகளுக்குப் போற நர்ஸ்களை அரசு நிறுவனங்கள்தான் அனுப்பணும்னு உத்தரவு போட்டுச்சு. தமிழ்நாட்டுல அந்த வேலையைப் பார்க்குறது 1978-ல ஆரம்பிச்ச அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

ஆக, ஏஜென்சியை ஒழுங்குபடுத்த நமக்குத் தெரியாம இல்லை. கடல் தாண்டினா செய்யுறோம். திருச்சுழியிலருந்து மதுரைக்கு பஸ் ஏறினா செய்யறதில்லை.

மத்த ஊர்ல எப்படி?

இங்கிலாந்துல 1957-லயே நர்ஸ் ஏஜென்சிகளுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. அப்ப லைசென்ஸ் கட்டாயமா இருந்துச்சு. அதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியம்: எந்த நோயாளிக்கு எந்த நர்ஸ்னு தேர்ந்தெடுக்குறது, பதிவு பெற்ற ஒரு நர்ஸோ டாக்டரோ மேற்பார்வை பண்ணித்தான் நடக்கணும்னு இருந்துச்சு. அப்படி ஒருத்தர் எங்க ஏஜென்சியில இருந்திருந்தா, ஆறு மாசக் கோர்ஸ் படிச்ச பொண்ணை இன்சுலின் கேஸுக்கு அனுப்பியிருக்க மாட்டாங்க.

அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலம் 2001-ல ஏஜென்சிகளைப் பதிவு பண்ண வெச்சதோட, முதியோர் இல்லங்கள்கிட்ட அவங்க வாங்குற ரேட்டுக்கும் உச்சவரம்பு வெச்சது. கனடாவுல கியூபெக் மாகாணம் 2023-ல இன்னும் ஒரு படி மேல போய், அரசு ஆஸ்பத்திரிகள் ஏஜென்சி ஆட்களை நம்புறதையே படிப்படியா குறைக்கணும்னு சட்டம் போட்டுச்சு.

அதையெல்லாம் அப்படியே இங்க இறக்கினா சரிவராது. ஃபைலும் ஃபீஸும் கூடிப்போனா, சின்ன ஏஜென்சிங்க மூடிட்டுப் போயிடும். பெரிய நகரத்து கம்பெனி நரிக்குடிக்கு ஆள் அனுப்புமா? அனுப்பாது. அதனால விதி கொஞ்சமா இருக்கட்டும், ஆனா எத்தனை பேர் வேலை செஞ்சாலும் பொருந்தட்டும். ஏஜென்சிக்கு மாவட்டத்துல ஒரு பதிவு எண். அனுப்புற ஒவ்வொருத்தரும் நர்ஸா, உதவியாளரான்னு எழுத்துல ஒரு சீட்டு. ஆள் தேர்வுக்குப் பொறுப்பா பதிவு பெற்ற ஒரு நர்ஸ். சம்பள ரசீது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடிச்சு வைக்கத் தடை. இந்த அஞ்சும் வந்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

சட்டம் வர்ற வரைக்கும் நாம என்ன பண்ணலாம்?

*வீட்டுக்கு ஆள் எடுக்குறீங்களா?* ஏஜென்சிகிட்ட முதல் கேள்வியே "கவுன்சில் பதிவு எண் என்ன?"ன்னு இருக்கட்டும். இல்லைன்னு சொன்னா, வர்றவங்க உதவியாளர். அவங்களை ஊசி போடச் சொல்லாதீங்க. அதுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ உங்க டாக்டர்கிட்டயோ வழி கேளுங்க.

*வீட்ல இன்சுலின் போடுறவங்க இருக்காங்களா?* பாட்டில்ல இருக்குற நம்பரும் சிரிஞ்சுல இருக்குற நம்பரும் ஒண்ணான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி.

*நீங்களே நர்ஸா?* ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார்கிட்டயும் குடுக்காதீங்க, காப்பி போதும். டூட்டி மெசேஜ், வந்த பணம் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. பி.எஃப். பிடிக்கிறோம்னு சொன்னா, உமாங் ஆப்ல போய் பணம் ஏறுதான்னு பாருங்க. சம்பளப் பாக்கின்னா மாவட்டத் தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுக்கலாம். அதுல ஏஜென்சி பேரோட ஆஸ்பத்திரி பேரையும் சேர்த்து எழுதுங்க.

*ஆஸ்பத்திரி மேல சந்தேகமா?* மாவட்டத்துல இருக்குற மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸுக்குப் புகார் எழுதலாம்.

எங்க சித்தி மக, மூணு மாசம் நடையா நடந்து சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கிட்டா. சம்பளம் ஒரு மாசத்துக்கு மட்டும்தான் வந்துச்சு.

அப்பத்தாவைப் பார்த்துக்க வந்த பொண்ணு, மாசம் முடிஞ்சு கிளம்புற அன்னைக்கு என்கிட்ட அந்த ரெண்டு சிரிஞ்சையும் கேட்டு வாங்கிக்கிட்டா. "கூட வேலை பாக்குற பிள்ளைகளுக்குக் காட்டணும்க்கா. எங்களுக்கு யாருமே இதைச் சொல்லலை"ன்னா. அப்பத்தா அவ கையில நூறு ரூபாயைத் திணிச்சு, "பெரிய படிப்பு படிச்சுட்டு வா தாயி"ன்னு அனுப்பி வெச்சாங்க. மறுநாள் ராத்திரியே அவளுக்கு இன்னொரு ஆஸ்பத்திரியில டூட்டி போட்டிருந்தாங்க. நர்ஸாத்தான்.