விண்மீன் அனுப்பும் சேதி



"அம்புட்டு தூரத்துல இருக்குற நட்சத்திரம் இவ்வளவு சூடுன்னு யாருப்பா போய்த் தொட்டுப் பார்த்தா?" என் அம்மா கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். பதில் சொல்லாவிட்டால் எப்படி?

யாரும் போகவில்லை. அங்கிருந்து வரும் அலைகளே சேதி சொல்கின்றன.

கொல்லுப்பட்டறையில் இரும்பைக் காய்ச்சுவதைப் பாருங்கள். முதலில் சிவக்கும், இன்னும் காய்ச்சினால் மஞ்சளாகி வெளுக்கும். விண்மீனும் அப்படித்தான். சிவந்து தெரியும் திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,300 டிகிரி செல்சியஸ். சூரியன் சுமார் 5,500. நீலம் பாய்ந்த விண்மீன்கள் இன்னும் சூடு.

ஒளியை முப்பட்டகக் கண்ணாடியில் பிரித்தால் வண்ணங்களுக்கு நடுவே கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள், கைரேகை மாதிரி! கோடு சற்றே இடம் நகர்ந்தால் வாயு ஓடுகிறது என்று பொருள். சூரியனும் ஒரு விண்மீன்தானே? 1909-ல் கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் எவர்ஷெட் இப்படித்தான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார்.

கண்ணுக்குத் தெரியும் ஒளி, மின்காந்த அலைகளில் சிறு பகுதியே. ரேடியோ அலையும் அதே குடும்பம், அலைநீளம்தான் வேறு. கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ இந்த எண்ணால் வகுங்கள். அலைநீளம் சுமார் 3 மீட்டர் என்று வரும். ஊட்டி அருகே முத்தோரையில் 1970-ல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி வாங்குவது 326.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 92 சென்டிமீட்டர். இவ்வளவு நீள அலைக்கு வழவழப்பான கண்ணாடி எதற்கு? நெருக்கமாகக் கட்டிய கம்பிகளே போதும். 1,100 எஃகுக் கம்பிகள்; 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம்!

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் சுவரூப் தேடிப் பிடித்த இடம் அது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. மலைச்சரிவும் அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். துடிப்புத் துடிப்பாய் ரேடியோ அலை அனுப்பும் பல்சார் விண்மீன்களை ஆராய இது உதவியிருக்கிறது.

எக்ஸ் கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடும். அதற்காகவே இஸ்ரோ 2015-ல் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளை மேலே அனுப்பியது.

நண்பர்களே, ஊட்டித் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே வடிவமைத்து, நம் நாட்டிலேயே கட்டினார்கள். எஃகுச் சட்டம், கம்பி, ஆண்டெனா, ரிசீவர்... எல்லாம் நம் பாடத்தில் வருபவைதானே? "டிப்ளமோதானே!" என்று யாராவது சொன்னால் தலைகுனிய வேண்டாம். வானத்தைப் படிக்கவும் பட்டறைக் கை வேண்டும்!

- மின்னணுவியல் பிரிவு மாணவன், திருக்கோகர்ணம்