ஒடிசா மலைக்கிராமங்களில் நீரும் சுகாதாரமும்

ஊர் என்பது வீடுகளின் தொகை மாத்திரமன்று. ஒரு வீட்டார் செய்வதன் பயனை மற்றை வீட்டாரும் நுகரவேண்டிய இடமே ஊராகும். இவ்வுண்மை நீரிலும் சுகாதாரத்திலும் மிகத் தெளிவாகப் புலப்படும். கதவைத் தாழிட்டுக் கள்வரைத் தடுத்தல் கூடும். அயலார் திறந்த வெளியிற் கழித்த மலத்தினின்று வரும் நோயை அவ்வாறு தடுத்தல் கூடாது. மழைநீரும் ஈயும் மனிதரின் கைகால்களும் அதனை எல்லா வீட்டிற்கும் கொண்டுசெல்லும். ஆகவே, இத்துறையில் ஊரவருள் ஒரு சிலருக்கு மாத்திரம் நன்மை செய்தல் இயலுமா என்பது ஆராயத்தக்க வினாவாகும். இந்தியாவின் ஒடிசா மாநிலத்திலுள்ள பழங்குடிக் கிராமங்கள் பல இவ்வினாவுக்குச் செயலால் விடையளித்துள்ளன. அவ்விடையை ஈண்டு நோக்குவாம்.

2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஒடிசா மக்களுள் ஏறக்குறைய 23 வீதத்தினர் பழங்குடியினர். அதே ஆண்டில் அம்மாநிலத்துக் கிராம வீடுகளுள் நூற்றுக்குப் பதினான்கில் மாத்திரமே மலசலகூடம் இருந்தது. சவரர், கோந்தர் முதலியோர் வாழும் மலைச்சாரல்களிற் பெண்களே ஊற்றுக்கும் ஓடைக்கும் சென்று நீர் சுமந்தனர். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் கால் கழுவுவதற்கும் ஒரே ஓடை பயன்பட்ட ஊர்களும் உண்டு. பெண்கள் இருள் படியும்வரை காத்திருந்தே வெளிக்குச் செல்லவேண்டியிருந்தது. இது சுகாதாரக் குறை மாத்திரமன்று, மானக்குறையுமாம்.

1971ஆம் ஆண்டு ஒரிசாவைப் பெரும்புயல் தாக்கியபோது, சென்னைப் பல்கலைக்கழக மாணவர் தலைவராயிருந்த ஜோ மடியாத் என்பவர் மாணவத் தொண்டர்களுடன் நிவாரணப் பணிக்குச் சென்றார். அங்கேயே தங்கியவர்களின் முயற்சியால் 1979இல் ‘கிராம் விகாஸ்’ என்னும் நிறுவனம் கஞ்சம் மாவட்டத்தில் உருவாயிற்று. அது முதலிற் சாண எரிவாயுக் கலங்களை அமைக்கும் பணியிற் பெரிதும் ஈடுபட்டது. பின்னர், கிராமத்து நோய்களுட் பல அசுத்தத்தினின்றே பிறக்கின்றன என்பதை உணர்ந்து, 1992இல் ஐந்து கிராமங்களில் நீரும் சுகாதாரமும் இணைந்த திட்டமொன்றைத் தொடங்கியது.

இத்திட்டத்தின் உயிர்நாடி ஒரே விதியாகும்: ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களும் சேரவேண்டும், ஒரு குடும்பமேனும் விலகினால் வேலை தொடங்காது. குடும்பமொன்றுக்குச் சராசரி 1,000 ரூபாவாக ஒரு மூலநிதி திரட்டப்படும். வசதியுள்ளோர் கூடவும் வறியோர் குறையவும் கொடுக்கலாம். இந்நிதி வங்கியில் நிலையான வைப்பாக இடப்படும். பிற்காலத்திற் புதிதாகக் குடியேறுவோரும் மணஞ்செய்து தனிக்குடித்தனம் புகுவோரும் மலசலகூடங் கட்டுதற்கு அதன் வட்டி உதவும். இவ்வாறு இன்றைய முழுமை நாளையும் குன்றாது காக்கப்படுகின்றது.

ஒவ்வொரு வீட்டாரும் மலசலகூடமும் குளியலறையும் கட்டுதல் வேண்டும். கல், மணல், உடலுழைப்பு என்பன அவர்களுடையவை; சீமெந்து முதலிய வெளிப்பொருள்களுக்கு உதவி கிடைக்கும். எல்லா வீடுகளிலும் கட்டட வேலை முடிந்த பின்னரே குழாயில் நீர் திறந்துவிடப்படும். மலசலகூடம், குளியலறை, சமையலறை ஆகிய மூன்றிடத்தும் நீர் வரும். ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் அமர்ந்த ஊர்க்குழு இவற்றை நடத்தும்.

இதன் தொழில்நுட்பம் எளியது. மலையுச்சியை அடுத்த ஊற்றை மறைத்துச் சிறு தொட்டி கட்டி, அங்கிருந்து குழாய்வழியே ஊரின் நீர்த்தாங்கிக்கு நீரைக் கொணர்வர். ஊற்று ஊரினும் உயர்ந்திருத்தலால் நீர் தன் எடையினாலேயே இறங்கும்; மின்சாரமும் எண்ணெயும் வேண்டா. மலசலகூடத்துக்கு இரண்டு குழிகள் உண்டு. ஒன்று நிறைந்ததும் அதனை மூடி மற்றையதைப் பயன்படுத்துவர். மூடிய குழியிலுள்ளது காலப்போக்கில் மக்கி எருவாகும். ஊரிலுள்ளோரே பழுதுபார்க்கக்கூடிய அமைப்பாதலின் நகரத்து வல்லுநருக்காகக் காத்திருத்தல் வேண்டா.

முழுமை இன்றியமையாதது என்பதற்குச் சான்று உண்டா? அதே மாநிலத்துப் பூரி மாவட்டத்தில் நூறு கிராமங்களில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2014இல் வெளியாயிற்று. மலசலகூடம் கட்ட ஊக்கமளிக்கப்பட்ட கிராமங்களில் அஃதுள்ள வீடுகள் 9 வீதத்திலிருந்து 63 வீதமாக உயர்ந்தன. ஆயினும் குழந்தைகளின் வயிற்றோட்டம் குறையவில்லை. கட்டியவற்றைப் பயன்படுத்தாதோரும் பலர். கிராம் விகாஸ் பணிபுரிந்த கிராமங்களைப் பற்றி எஸ்தர் டுஃப்லோ முதலிய அறிஞர் 2015இல் வெளியிட்ட ஆய்வோ, சிகிச்சை வேண்டிய வயிற்றோட்டம் 30 முதல் 50 வீதம் வரை குறைந்ததெனக் காட்டியது. இரண்டும் ஒரே முறையில் நடந்த ஆய்வுகளல்ல; பின்னையதிற் குழாய்நீரும் சேர்ந்திருந்தது. எனினும், அரைகுறைச் சுகாதாரம் அரைப்பயனைத்தானும் தருமென எண்ணுதல் தவறு என்பதை இவை உணர்த்துகின்றன.

இம்முறைக்குத் தடைகூறுவாரும் உளர். ‘வறியவரிடம் பணங் கேட்கலாமா? நகரத்தாருக்கு அரசு இலவசமாகச் செய்வதற்கு மலைவாசி ஏன் கல் சுமக்கவேண்டும்?’ என்பர். இக்கேள்வி நியாயமானதே. ஊரொருமை எய்துதற்குச் சில வேளை நெடுங்காலமும் செல்லும். அதுவரை குழந்தைகள் நோயுறுவர். ஆயினும், விதி தளர்ந்தால் முதலில் விடுபடுபவர் யார்? ஊர்க்கோடியில் வாழும் விதவையும், கடன்பட்டவரும், தாழ்த்தப்பட்டவருமே. எல்லோரும் சேரவேண்டும் என்ற விதியாற் செல்வர் வறியோரிடம் சென்று பேசவேண்டியவராகின்றனர். வறியோரின் உடன்பாடு விலைமதிப்புப் பெறுகின்றது. அன்றியும், தாம் கட்டிய குழாய் பழுதுற்றால் ஊரவர் மனுவெழுதிக் காத்திராது, தம் மாதக் கட்டணத்தைக் கொண்டே திருத்துவர்.

இந்திய அரசு 2014இல் தூய்மை இந்தியா இயக்கத்தையும், 2019இல் கிராம வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய்நீர் வழங்கும் ஜல் ஜீவன் திட்டத்தையும் தொடங்கிற்று. பின்னையது ஊர்தோறும் நீர்க்குழு வேண்டுமெனக் கூறுகின்றது. குழாயை அரசு தரலாம், தரவும் வேண்டும். அது அரசின் கடமை. ஆனால், ஒரு வீட்டையும் விடோம் என்னும் உறுதியை ஊரே தனக்குத் தந்துகொள்ளல் வேண்டும். அவ்வுறுதி இல்லாதவிடத்துக் குழாய் இரும்பாகவே எஞ்சும்; உள்ளவிடத்து மலையூற்றின் நீர் கடைசி வீட்டையும் சென்றடையும்.